இல்லத்துத் தூசியும் ஈரத்துணியும்

துகள், தூள், பொடி, புழுதி, தூசி, மாசு, ஒட்டடை எனத் தமிழில் இதற்குச் சொற்கள் பல உள. இவை யாவும் ஒரே பொருளைச் சுட்டுவன என்று கொள்ளுதல் பொருந்தாது. தெருவில் காலடியிலும் வண்டிச் சக்கரத்திலும் எழுவது புழுதி. இடித்தும் அரைத்தும் நாமே உண்டாக்குவது தூளும் பொடியும். கூரையின் மூலையில் புகைக்கரியும் சிலந்தி நூலும் பின்னித் தொங்குவது ஒட்டடை. பளபளப்பாக இருந்த பொருளின்மீது படிந்து அதன் ஒளியை மறைப்பது மாசு. இவையெல்லாம் இல்லத்தினுள் ஒன்றாய்க் கலந்து, நாற்காலி, அலமாரி, மின்விசிறி என வேறுபாடின்றிப் படியும்போது அதனைத் தூசி என்கிறோம்.

தமிழ்த்துறை மலரில் தூசிக்கு என்ன இடம் என்று வினவுவோர் இருக்கலாம். நூல்களோடு வாழ்வோர் தூசியோடும் வாழ வேண்டியுள்ளது என்பது ஒரு விடை. நம் இல்லங்களில் துடைப்பத்தைக் கையில் எடுப்போர் பெரும்பாலும் பெண்களே. அவர்கள் நாள்தோறும் எதனைச் சுவாசிக்கின்றனர் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்துள்ளோம் என்பது மற்றொரு விடை. இவ்விரண்டாவது விடையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

கலவையின் கூறுகள்

வீட்டுத் தூசி பெரும்பாலும் மனிதத் தோலின் உதிரியே என்னும் செய்தி நாளிதழ்த் துணுக்குகளில் அடிக்கடி வருகின்றது. நம் உடலின் மேற்தோல் சில வாரங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதும், பழைய தோல் செதில் செதிலாய் உதிர்வதும் உண்மையே. ஆயினும் சன்னல்களை எப்போதும் திறந்து வைத்து, மண் தெருவையோ பேருந்துச் சாலையையோ ஒட்டி வாழும் நமக்கு அக்கூற்று முழுவதும் பொருந்தாது. நம் வீட்டுத் தூசியில் வெளி மண்ணின் பங்கு பெரிது. அதனோடு துணிகளின் இழை, தலைமயிர், சமையற் புகையின் கரி, வாகனப் புகையின் கரி, பூஞ்சைக் காளானின் வித்து, மகரந்தம், கரப்பான் முதலிய பூச்சிகளின் உடற்சிதறல், சுவரிலிருந்து உதிரும் சுண்ணாம்பு ஆகியவையும் சேர்கின்றன. மண் தன்னளவில் அழுக்கன்று. நீர் கிடைக்காத இடத்தில் தூய மண்ணைக் கொண்டு தயம்மும் செய்வதை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். நுரையீரலினுள் செல்லும்போதுதான் அதனால் தீங்கு விளைகின்றது.

தூசி எத்தகையது என்பதைவிட எவ்வளவு நுண்ணியது என்பதே இங்கு முதன்மையானது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு மைக்ரோமீட்டர். நம் தலைமயிரின் தடிமன் சற்றொப்ப 70 மைக்ரோமீட்டர். 10 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த துகள்கள் மூக்கின் தடையைக் கடந்து மூச்சுக்குழாயை அடைய வல்லவை. 2.5 மைக்ரோமீட்டருக்குக் குறைந்தவை நுரையீரலின் கடைசிக் காற்றுப்பைகள் வரை செல்ல வல்லவை. காற்று மாசு பற்றிய செய்திகளில் பி.எம். 10, பி.எம். 2.5 என்று குறிக்கப்படுபவை இவையே.

இனி, ஒருவர் அறையைப் பெருக்கும்போது இத்துகள்கள் ஆள் முகத்தளவுக்கு, அஃதாவது தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்திற்கு, எழுவதாகக் கொள்வோம். காற்று அசையாத அறையில் 100 மைக்ரோமீட்டர் அளவுள்ள பருந்துகள் ஐந்தாறு நொடிகளில் தரையை அடைந்துவிடும். 10 மைக்ரோமீட்டர் துகள் இறங்குவதற்குச் சற்றொப்ப எட்டு நிமிடம் ஆகும். ஒரு மைக்ரோமீட்டர் துகளோ இறங்கி முடிக்க அரைநாள் எடுத்துக்கொள்ளும். கல், மண் ஆகியவற்றின் துகள் எடை மிகுதியால் சிறிது விரைந்து இறங்கும். மின்விசிறி சுழன்றால் எதுவும் எளிதில் இறங்காது. கண்ணுக்குத் தெரியும் தூசி முறத்தில் சேர்ந்துவிட, கண்ணுக்குத் தெரியாதது மாலைவரை அறையிலேயே மிதக்கின்றது. காலையில் துடைத்த மேசை மாலையில் மீண்டும் மங்கித் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெருக்குதல் என்னும் சொல்லுக்கு மிகுவித்தல் என்னும் பொருளும் உண்டு. குப்பையை அகற்றும் செயலை இவ்வாறு வழங்குவது மங்கலம் கருதி வந்த வழக்கு என்பர். உலர்ந்த தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவோர் காற்றிலுள்ள தூசியை உண்மையிலேயே பெருக்குகின்றனர் என்று நாம் வகுப்பில் வேடிக்கையாகக் கூறுவதுண்டு.

துடைப்பமும் துணியும்

துடைப்பம், விளக்குமாறு, வாரியல், சீமாறு என வட்டாரந்தோறும் பெயர் மாறும். ஈழத்தில் தும்புத்தடி என்பர். இவற்றுள் தென்னை ஈர்க்கால் ஆனது முற்றத்துக்கும் கழுவும் தரைக்கும் உரியது. கூடத்து நுண்தூசியை அது கிளப்புமேயன்றித் திரட்டாது. மலைப்புல்லால் ஆன பூந்துடைப்பம் நுண்தூசியைத் திரட்டும். ஆனால் புதியதாய் இருக்கும்போது தானே பொடியை உதிர்க்கும். வாங்கியவுடன் வெளியே கொண்டுசென்று நன்கு தட்டி, ஒருமுறை நீரில் அலசி உலர்த்திப் பயன்படுத்தினால் இத்தொல்லை குறையும்.

எந்தத் துடைப்பமாயினும் தரையில் சிறிது ஈரம் இருத்தல் நலம். அக்காலத்தில் வாசலில் நீர் தெளித்த பின்னரே பெருக்கினர். தெளிக்கும் நீர் நுண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பருமனாக்குகின்றது. பருமனானவை காற்றில் எழா. வாசலுக்குச் செய்ததைக் கூடத்துக்கும் சிறிய அளவில் செய்யலாம். பிழிந்த துணியால் முதலில் ஒருமுறை துடைத்தெடுப்பதோ, துடைப்பத்தின் நுனியை ஈரமாக்கிக்கொள்வதோ போதும். பெருக்கும்போது மின்விசிறியை நிறுத்த வேண்டும். வியர்க்கின்றதே என்று விசிறியைச் சுழலவிட்டுப் பெருக்குவதைப் பல இல்லங்களில் காண்கிறோம். அதனினும் பெருக்காமல் இருப்பதே நன்று.

துடைப்பதற்கும் முறை உண்டு. மேலிருந்து கீழ் என்பது அம்முறை. ஒட்டடையை முதலிலும், மின்விசிறியையும் அலமாரியையும் அடுத்தும், தரையை இறுதியிலும் தூய்மை செய்ய வேண்டும். விசிறியின் இறக்கையைத் துடைக்கப் பழைய தலையணை உறையொன்றைச் சற்றே ஈரமாக்கி, இறக்கையின்மீது உறைபோல் மாட்டி இழுத்தால் அழுக்கு முழுவதும் உறைக்குள்ளேயே விழும். கீழே நிற்பவர் கண்ணில் விழாது. அலமாரி, சன்னல் கம்பி, தொலைக்காட்சி ஆகியவற்றை உலர்ந்த துணியால் தட்டுவது வீண். தூசி எழுந்து மறுபடியும் அங்கேயே அமரும். ஈரத்துணியால் வழித்தெடுத்து, மின்பொருளாயின் இணைப்பைத் துண்டித்து நன்கு பிழிந்த துணியால் துடைத்து, அத்துணியை உடனே அலச வேண்டும். தரை துடைக்கும் நீரையும் அறைக்கு ஒருமுறை மாற்றுதல் வேண்டும். நான்கு அறைக்கும் ஒரே வாளி நீர் என்றால், முதல் அறையின் மண் நான்காம் அறையின் தரையில் பூசப்பட்டு, உலர்ந்ததும் மீண்டும் தூசியாகும்.

2020இல் வந்த பெருந்தொற்றுக்குப் பின் முகக்கவசம் ஏறத்தாழ எல்லார் வீட்டிலும் உள்ளது. ஒட்டடை அடிக்கும் நாளிலாவது அதனை அணியலாம். வீட்டு வேலைக்கு வரும் அம்மையாருக்கும் ஒன்றைத் தருவது நம் கடமை. அவர் ஒரு நாளில் மூன்று நான்கு வீடுகளின் தூசியைச் சுவாசிப்பவர் என்பதை மறத்தலாகாது.

இவ்விடத்தில் ஒரு வரலாற்றுச் செய்தியைக் கூறுதல் தகும். 1901ஆம் ஆண்டில் இலண்டனில் தூசியைக் காற்றால் ஊதி அகற்றும் பொறி ஒன்றைக் கண்ட ஹியூபர்ட் செசில் பூத் என்னும் பொறியாளர், ஊதுவதற்கு மாறாக உறிஞ்சினால் என்ன என்று எண்ணினார். உணவகத்து இருக்கையின்மீது கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். கைக்குட்டையின் மறுபுறத்தில் அழுக்கு படிந்திருந்தது. அவர் அமைத்த பொறியோ குதிரை இழுத்துவர வேண்டிய அளவுக்குப் பெரியதாய் இருந்தது. அதனைத் தெருவில் நிறுத்திச் சன்னல் வழியே நீண்ட குழாய்களை நுழைத்து வீட்டைத் தூய்மை செய்தனர். கையில் பிடிக்கும் மின்பொறியை அமைத்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர், அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்துக் கேன்டன் நகரில் ஒரு கடையில் துப்புரவுப் பணி செய்துவந்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பேங்ளர். ஆஸ்துமாவால் துன்புற்ற அவர், கம்பளம் பெருக்கும்போது எழும் தூசியைத் தாங்கமாட்டாமல், விசிறியின் மோட்டார், துடைப்பத்தின் கழி, தலையணை உறை ஆகியவற்றைக் கொண்டு ஒரு பொறியைத் தாமே செய்துகொண்டார். 1908இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் அவ்வுரிமையை வாங்கிய ஹூவரின் பெயரே உலகெங்கும் பரவியது. பெருக்கியவரின் இருமலிலிருந்து பிறந்த கருவி இது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

அக்கருவியை இன்று வாங்க விழைவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எளிய வடிதுணிப் பை மட்டும் உள்ள கருவி பருந்தூசியை உள்ளே வைத்துக்கொண்டு நுண்தூசியைப் பின்புறமாக அறைக்குள்ளேயே விடும். 0.3 மைக்ரோமீட்டர் துகள்களில் 99.97 விழுக்காட்டைத் தடுக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதே பயன் தரும். ஆயினும் சிமெண்டுத் தரையும் ஓட்டுக்கல் தரையும் உள்ள வீட்டுக்குப் பிழிந்த துணியே போதும் என்பது நம் கருத்து.

வாயிலிலேயே தடுத்தல்

உள்ளே வந்ததைத் துடைப்பதினும் வருவதைத் தடுப்பது எளிது. காலணியை வெளியே விடும் வழக்கம் நமக்கு முன்னரே உண்டு. காலைக் கழுவிவிட்டு உள்ளே வரும் வழக்கம்தான் அருகிவிட்டது. முன்பு திண்ணையோரம் ஒரு தவலையில் நீரும் செம்பும் இருந்தன. பள்ளிவாசலில் ஹவுளில் கால் கழுவி உள்ளே நுழைவோர், தம் வீட்டில் தெருமண்ணோடு கூடத்தைக் கடந்து செல்வது முரண். அடுக்குமாடி வீட்டில் தவலைக்கு இடமில்லை என்பர். வாயிலுக்கு வெளியே முரட்டுக் கயிற்று மிதியடி ஒன்றும், உள்ளே பருத்தி மிதியடி ஒன்றும் இடுவதற்கு இடம் வேண்டுமளவு உண்டு. அவற்றை நாள்தோறும் வெளியில் உதற வேண்டும். உதறாத மிதியடி தூசியைச் சேர்த்துவைத்துத் திருப்பித் தரும்.

பழைய வீடுகளில் தெருவுக்கும் கூடத்துக்கும் இடையே திண்ணை, நடை என இடைப்பகுதிகள் இருந்தன. தெருப்புழுதி அவற்றில் தங்கியது. அவ்வீடுகளை அளவுக்கு மீறிப் புகழ்வதற்கும் நமக்கு விருப்பமில்லை. விறகடுப்பின் புகையில் அங்கே சமைத்த பெண்களின் கண்ணும் மார்பும் பட்ட பாடு நாம் அறிந்ததே.

ஆடி மாதத்துக் காற்றில் புழுதி மேற்கிலிருந்து வரும். அத்திசைச் சன்னலுக்கு நெருங்கிய கண்ணுள்ள வலையிட்டு, அவ்வலையை வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். வீட்டைச் சுற்றி வெறும் மண் கிடந்தால் அங்கே புல்லோ செடியோ வளர்க்கலாம். அண்டை மனையில் வீடு கட்டுவோர் தெருவில் குவிக்கும் மணலும் எம்.சாண்டும் இன்று பெருந்தொல்லை. எம்.சாண்ட் கருங்கல்லை உடைத்துச் செய்வது. அதன் நுண்பொடியில் நுரையீரலுக்குத் தீங்கான சிலிக்கா உண்டு. குவியலைத் தார்ப்பாய் கொண்டு மூடும்படி கேட்பது சண்டையாகாது.

பாயும் மெத்தையும்

கோடையின் தூசி மண். மழைக்காலத்திலோ தூசியில் வேறொன்று பெருகும். 1960களில் நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வாளர்களான வூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா முதலியோர், வீட்டுத் தூசியால் பலருக்கு ஒவ்வாமை உண்டாவதற்குக் காரணம் அதில் வாழும் ஒரு நுண்ணுண்ணியே என்று காட்டினர். சிலந்தி இனத்தைச் சார்ந்த அதன் நீளம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். அது நம்மைக் கடிப்பதில்லை. நாம் உதிர்க்கும் தோலைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கின்றது. அதன் கழிவே மூச்சோடு சென்று, ஒவ்வாமை உடையோர்க்குத் தும்மலையும் நம் முன்னோர் ஈளை என்று கூறிய இளைப்பையும் தூண்டுகின்றது. அது நீர் அருந்துவதில்லை. காற்றின் ஈரத்தையே உறிஞ்சி வாழும். ஆதலின் கடற்கரை ஊர்களில் ஆண்டு முழுவதும், பிற இடங்களில் ஐப்பசி கார்த்திகையிலும் அதற்குப் பெருவாழ்வு.

இதற்குரிய வழிகள் எளியவை. படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரந்தோறும் 60 பாகை செல்சியசு வெந்நீரில் துவைத்தால் உண்ணி இறக்கும். இலவம்பஞ்சு மெத்தையைக் கோடை வெயிலில் மாடியில் உலர்த்தி, இருபுறமும் திருப்பிப் போட்டுத் தட்டுவது பழைய முறை, நல்ல முறையும்கூட. இறந்த உண்ணியின் கழிவு உள்ளேயே இருக்குமாதலின், வெயிலில் காய்ந்தபின் தட்டுதல் இன்றியமையாதது. தட்டுபவர் இளைப்பு நோயாளியாய் இருத்தல் கூடாது. குழந்தையின் பஞ்சுப் பொம்மையைத் துவைக்க இயலாவிடில், நெகிழிப் பையில் கட்டிக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் ஒரு முழுநாள் வைத்து, பின் வெளியே நன்கு உதறலாம்.

விரிப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளைகுடா நாடுகளிலிருந்து வரும் உறவினர் அன்போடு கொணரும் தடித்த கம்பளங்கள் நம் கூடங்களில் நிரந்தரமாய்க் கிடக்கின்றன. நிமிர்ந்து நிற்கும் இழைகளுக்கிடையே அவை சேர்த்துவைக்கும் தூசி கொஞ்சமன்று. நமக்கு வேறு செல்வங்கள் உண்டு. தாமிரவருணிக் கரையில் பத்தமடையின் முஸ்லிம் குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாய் நெய்துவரும் கோரைப்பாயில் தூசி புகுந்து தங்க இடமில்லை; சுருட்டி வெளியே உதறினால் தீர்ந்தது. பவானி ஜமுக்காளத்தைத் துவைத்து உலர்த்தலாம். இளைப்பு நோயுள்ள முதியவரும் குழந்தையும் உள்ள வீட்டில் கம்பளத்தை விருந்தினர் வரும் நாளுக்கென்று மடித்து வைப்பது அறிவுடைமை.

நாமே எழுப்பும் தூசி

வீட்டினுள்ளே நாமே எரித்து உண்டாக்கும் துகள்களும் உள. ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள், எழுபத்தைந்து முதல் நூற்று முப்பத்தேழு சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு ஒப்பானது என்று 2003இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணித்தது. மூடிய அறையில் இரவு முழுவதும் அதனை எரிப்பதினும் கொசுவலை கட்டுவது மேல். ஊதுவத்தி, சாம்பிராணி ஆகியவற்றின் புகையும் துகளே. நறுமணத்தை வேண்டா என்று நாம் கூறவில்லை. சன்னலைத் திறந்து வைத்து, கைக்குழந்தை இல்லாத அறையில், சிறிது நேரம் புகைத்தால் போதும்.

நோன்பு மாதத்துக்கு முன்னரும் பொங்கலுக்கு முன்னரும் வீடுகளுக்கு வெள்ளையடிப்பதும் வண்ணம் பூசுவதும் வழக்கம். பழைய வண்ணத்தை உப்புத்தாளால் உலரத் தேய்க்கும் அந்த ஓரிரு நாள்தான் ஆண்டிலேயே தீங்கு மிக்க தூசி எழும் காலம். பழைய எண்ணெய்ப் பூச்சுகளில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு மிகுதி. நம் நாட்டில் வீட்டுப் பூச்சுகளில் ஈயத்தைப் பத்து இலட்சத்தில் 90 பங்குக்குக் கட்டுப்படுத்தும் விதிகள் 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்திய கதவும் சன்னலும் உள்ள வீடுகளே நம்மில் பலருடையவை. தரையில் தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும்; ஈயம் அதன் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். ஆகவே அப்பூச்சை நீர் தெளித்து ஈரமாகவே தேய்க்கச் சொல்ல வேண்டும். அந்நாள்களில் கருவுற்ற பெண்களையும் குழந்தைகளையும் உறவினர் வீட்டுக்கு அனுப்புவது நலம். வேலை முடிந்தபின் தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை துடைக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையை அறுப்பதும் துளையிடுவதும் இதனினும் இடர் மிக்கவை. அதன் இழைகள் நுரையீரலில் தங்கிவிடும். அவ்வேலையை வீட்டார் தாமே செய்தலாகாது.

சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்து நாள்தோறும் பொடி உதிர்ந்தால் அதன்மேல் மீண்டும் வெள்ளையடிப்பதால் பயனில்லை. எங்கிருந்தோ ஈரம் ஏறுகின்றது என்று பொருள். குழாய்க் கசிவையோ மழைநீர் தேங்குவதையோ முதலில் சரிசெய்ய வேண்டும்.

இறுதியாக நூல்கள். நூலின் மேல்விளிம்பில் படியும் தூசி ஈரத்தை ஈர்த்துப் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் இடம் தருகின்றது. இங்கு மட்டும் ஈரத்துணி கூடாது. நூலை அலமாரியிலிருந்து எடுக்கும்போது முதுகின் மேல்முனையைப் பிடித்து இழுக்காமல் நடுவில் பற்றி எடுக்க வேண்டும். ஏடுகள் விரியாதபடி இறுக மூடிப் பிடித்து, மென்மையான தூரிகையால் முதுகுப்பக்கத்திலிருந்து வெளிவிளிம்பை நோக்கி ஒரே திசையில் நீவ வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் தூசி ஏடுகளுக்கிடையே இறங்கும். இரண்டு நூல்களைக் கையில் பிடித்து ஒன்றோடொன்று அடிப்பது கட்டுகளைத் தளர்த்தும். நூல்கள் வெளியே இருக்கும்போதே அலமாரித் தட்டைப் பிழிந்த துணியால் துடைத்து, அது முற்றும் உலர்ந்தபின் நூல்களை மீண்டும் அடுக்க வேண்டும். சுவரை ஒட்டி அடுக்காமல் இரண்டு விரல் இடைவெளி விட்டால் மழைக்காலத்தில் பின்னட்டை பூஞ்சை பிடிக்காது.